ஹாரன் அடிச்சா எந்திரிக்கிற காட்சி

வாங்க சார், வாங்க. மதுரையில இருந்து வர்றதாச் சொன்ன பேராசிரியர் நீங்கதானே? உக்காருங்க. அதுல வேண்டாம், அந்த நாற்காலிக்குக் கால் ஆடும். மாமனாரைப் பாக்க வர்ற ஆளுங்க சீக்கிரம் எந்திரிச்சுப் போகட்டும்னு அப்படியே விட்டு வச்சிருக்கார். இதுல உக்காருங்க. தண்ணி குடிங்க. பயப்படாம குடிங்க, கேன் தண்ணிதான். எங்க லாரித் தண்ணிய நாங்க குடிக்கிறதில்ல.

லேட்டானா என்ன சார், எனக்கு இங்க என்ன ஷூட்டிங்கா காத்துக்கிடக்கு? பஸ் ஸ்டாண்ட் வளைவுல கூட்டமா? இருக்கும். இன்னைக்கு முகூர்த்த நாள்ல.

ஒரு நிமிஷம், போன். “ஹலோ, சங்கிலிமுத்து வாட்டர் சப்ளை... எந்தத் தெரும்மா?... ட்ரம்மைக் கழுவி வெளிய எடுத்து வைங்க, சாயங்காலம் வந்துரும்... அட, தண்ணி எங்கம்மா போயிடப் போகுது, எங்கிட்டதானே இருக்கு!”

சிரிக்கிறாங்க பாருங்க. அது நான் எழுதுன டயலாக் சார். நீங்க எந்தப் படத்துக்காக என்னைத் தேடி இம்புட்டுத் தூரம் வந்தீங்களோ, அதே ‘குழாயடிக் குபேரன்’ல வர்றது. படத்துல வர்ற தண்ணி லாரி முதலாளி, அந்தப் பாவி, அதைச் சொல்லும்போது ஜனங்களுக்கு ரத்தம் கொதிக்கணும்னு நெனச்சு எழுதுனேன். இப்ப நானே போன்ல சொல்றேன், அவங்களும் சிரிக்கிறாங்க.

நையாண்டிப் படத்தால சமூகத்துல என்ன தாக்கம்னுதானே கட்டுரை எழுதுறீங்க? தாக்கம் இல்லாமலா? இருந்துச்சு சார். ஜன்னல் வழியா அந்த லாரியோட பின்பக்கத்தைப் பாருங்க. மீசையை முறுக்கிட்டு நிக்கிறாரே, அது நம்ம குபேரசாமிதான். நான் உண்டாக்குன ஆளு. கீழ நான் எழுதுன வரி. பெயிண்டர் ரொம்ப நல்லா எழுதியிருக்கான். எல்லா லாரியிலயும் இருக்கு. இந்தச் செவல்குளம் நகராட்சியில என் எழுத்து போகாத தெருவே கிடையாது. இதுக்கு மேல ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேணும், சொல்லுங்க.

சிரிக்காதீங்க சார். இல்ல, சிரிங்க, சிரிக்கத்தானே எழுதுனது.

மொதல்ல இருந்து சொல்றேன். நான் மெட்ராஸ்ல பல டைரக்டருங்ககிட்ட டீ வாங்கிக் குடுத்துட்டு இருந்த காலம். கல்யாணம் முடிஞ்சு தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்தேன். இந்த வீடுதான். மாமனார் சங்கிலிமுத்து இந்த வார்டு கவுன்சிலர், தண்ணி லாரியும் ஓட்டுறார். ரெண்டும் தனித்தனித் தொழில்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், அம்புட்டு வெகுளி. வந்து உக்காந்து கறிச்சோறு தின்னும்போதுதான் பாக்குறேன், ஒரு நகராட்சி இன்ஜினியர் வந்து மாமனார் முன்னால கையைக் கட்டிட்டு நிக்கிறார். சந்தனமாரி கோயில் தெருவுல மெயின் பைப் உடைஞ்சு கிடக்கு, இந்த வாரம் சரி பண்ணிரட்டுமாண்ணேன்னு கேக்குறார். மாமனார் எலும்பைக் கடிச்சுக்கிட்டே, “என்ன அவசரம், தீபாவளி கழியட்டும்”னார். தீபாவளி கழிஞ்சுச்சு, பொங்கல் கழிஞ்சுச்சு, சித்திரைத் திருவிழா கழிஞ்சுச்சு. பைப் மட்டும் அப்படியே கிடந்துச்சு. லாரி போயிக்கிட்டே இருந்துச்சு.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? அவர் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே அவரை எழுதிட்டேன். பாதி நான் பாத்தது, மீதி என் பொண்டாட்டி மங்கை சொன்னது. சின்னப் புள்ளையில இருந்து அப்பா லாரியில முன்னாடி உக்காந்து ஊரைச் சுத்துனவ அவ. உடைஞ்ச பைப்புக்கு மாசா மாசம் தேங்காய் உடைச்சுச் சூடம் காட்டுவாருன்னு படத்துல ஒரு சீன் வருமே, தியேட்டரே குலுங்குச்சே, அது அவ சொன்னதுதான். நெசமாவே நடந்தது. லாரி வந்தா பொம்பளைங்க எப்படி ஓடுவாங்க, யாரு யாரை இடிப்பாங்க, இடிச்சுட்டு அப்புறம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க முடியாம எப்படித் தலையைக் குனிஞ்சுக்குவாங்க, எல்லாம் அவ சொன்னது. டைட்டில்ல பேரு போடலையான்னு கேக்குறீங்களா? சொந்தப் பொண்டாட்டி பேரை யாராவது போடுவாங்களா சார், நல்லாவா இருக்கும்?

படம் ரிலீஸ் ஆச்சு. மாமனார் சொல்லிட்டார், “மாப்ள படத்தை மாப்ளகூட உக்காந்துதான் பாப்பேன்.” இங்க தேவி தியேட்டர். மாமனார் நடுவுல, நான் ஓரத்து சீட்டு. எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தூக்கி முன் சீட்டுல வச்சிருக்காங்க, நான் மட்டும் வாரை இறுக்கி மாட்டிக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருக்கேன். திரையில குபேரசாமி வர்றான். அதே மீசை, அதே வெள்ளைச் சட்டை, பேசும்போது காதைக் குடையுற பழக்கம்கூட அதேதான். நம்ம நடிகர் பயங்கரமான ஆளு, ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போயி மாமனாரை அப்படியே உரிச்சு எடுத்துட்டார். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

பக்கத்துல ஒரே சிரிப்பு. கண்ணைத் தெறந்து பாத்தா மாமனார் காதைக் குடைஞ்சுக்கிட்டே விழுந்து விழுந்து சிரிக்கிறார். கண்ணுல தண்ணி. என் தொடையில ஓங்கி ஒரு அடி அடிச்சு, “மாப்ள! மேலக்கோட்டை வேலாயுதத்தை அப்படியே கொண்டாந்துட்டீரேய்யா! அயோக்கியப் பய, இப்படித்தான் பண்ணுவான்!”னார்.

வேலாயுதம் பக்கத்து ஊர்ல தண்ணி லாரி ஓட்டுறவர், எங்களுக்குப் போட்டி. நான் அந்த மனுசனை நேருக்கு நேராப் பாத்ததுகூட இல்ல. மறுநாள் அவரே எனக்குப் போன் பண்ணிட்டார். “தம்பி, உங்க மாமனாருன்னுகூடப் பாக்காம இப்படிக் கிழிச்சிருக்கீங்களே, தைரியம்தான்யா!” சால்வை கொண்டாந்து போடுறேன்னார். அந்த இன்ஜினியர் இருக்காரே, படத்துல கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரே, அவர் வந்து என்கூட செல்பி எடுத்தார். “சார், எங்க டிபார்ட்மெண்ட்ல சில பேர் இப்படித்தான் இருக்காங்க”ன்னார். எல்லாரும் பாத்தாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, ஒருத்தனுக்கும் உறைக்கல. பெரிய சாட்டையா எடுத்துச் சுழட்டுறோம்னு நெனச்சேன் சார். எல்லாருக்கும் விசிறி விட்ட மாதிரி ஆயிப்போச்சு.

அதாவது பரவாயில்ல. சந்தனமாரி கோயில் தெருப் பொம்பளைங்க காலிக் குடத்தோட ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணப்போறதா அப்ப ஒரு பேச்சு இருந்துச்சு. போலீஸுக்குக்கூடத் தெரியும். மாமனார் என்ன பண்ணார்? தியேட்டர்ல ஒரு ஷோவை மொத்தமா எடுத்து, தெருப் பொம்பளைங்களை வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயி என் படத்தைக் காட்டிட்டார். இடைவேளைல ஆளுக்கு முறுக்கு. வெளிய வரும்போது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம், குடத்துல மாமனார் போட்டோ. என் படத்தோட வெற்றிக்குப் பரிசாம். அன்னைக்கு அந்தத் தெருவுல மறியல் பேச்சு செத்துச்சு. வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு வந்து யாரு சார் ரோட்டுல உக்காருவா? கோவம் வர வேண்டிய இடத்துல எல்லாம் சிரிப்பு வந்துருச்சு. மறுநாள் லாரி போயி நிக்குது, அதே பொம்பளைங்க மாமனார் குடத்தை ஏந்திக்கிட்டு, “தண்ணி எங்க போயிடப் போகுது”ன்னு அவங்களே சொல்லிச் சிரிக்கிறாங்க. இடிச்சுக்கிறாங்க, சிரிக்கிறாங்க. முன்னாடியாவது தலையைக் குனிவாங்க.

சிரிக்காதது ஒருத்திதான். என் பொண்டாட்டி.

க்ளைமாக்ஸ் ஞாபகம் இருக்கா சார்? பொம்பளைங்க எல்லாம் காலிக் குடத்தோட ரோட்டை மறிச்சு உக்காந்திருப்பாங்க. கலெக்டர் வருவாரு, அசைய மாட்டாங்க. போலீஸ் வரும், அசைய மாட்டாங்க. கடைசியில குபேரசாமி சிரிச்சுக்கிட்டே லாரியை அனுப்புவான். ஹாரன் அடிச்ச உடனே அம்புட்டுப் பேரும் கோரிக்கையை மறந்து, குடத்தைத் தூக்கிட்டு லாரி பின்னால ஓடுவாங்க. காலி ரோட்டுல ஒத்தை ஜோடி செருப்பு மட்டும் கிடக்கும். படம் முடிஞ்சிரும். தியேட்டர்ல கைத்தட்டல் இடி மாதிரி கேட்டுச்சு. ஒரு பத்திரிகைல ‘கசப்பான உண்மை’ன்னு எழுதுனாங்க.

நான் மொதல்ல எழுதுனது அது இல்ல. மொதல்ல எழுதுனதுல ஹாரன் அடிப்பான், யாரும் எந்திரிக்க மாட்டாங்க. அம்புட்டுதான். புரொடியூசர் கேட்டார், “உக்காந்தே இருந்தா அப்புறம் என்னய்யா ஆகும்? சிரிப்பு எங்க?” நியாயமான கேள்விதானே சார். ஒரு டீ குடிக்கிற நேரத்துல மாத்திக் குடுத்துட்டேன். அவ்வளவு சுலபமா வந்துச்சு.

படம் பாத்துட்டு வீட்டுக்கு வந்ததும் மங்கை ஒண்ணே ஒண்ணு கேட்டா. “ஏங்க, அவங்க ஏன் எந்திரிச்சாங்க?”

உக்காந்தே இருந்தா அப்புறம் என்ன ஆகும்னு புரொடியூசர் கேட்டதையே சொல்லி, நான் காமெடின்னேன். அவ விடல. “நான் சொன்னதுல அது இல்லையே. அவங்க ஓடுறது லாரி வர்ற தெருவுல. ரோட்டுல உக்காந்தா எந்திரிப்பாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா? அவங்க இன்னும் ஒரு தடவைகூட உக்காந்து பாக்கலையே. அதுக்குள்ள நீங்க எந்திரிக்க வச்சுட்டீங்களே.”

நான் சொன்னேன், “மங்கை, படத்தைப் படமாப் பாக்கத் தெரியணும். இதை எல்லாமா மனசுல ஏத்திக்குவாங்க?” சொல்லிட்டேன். சமூகத்தைத் திருத்தப் படம் எடுத்தவன் பேசுற பேச்சா சார் இது? ஆனா வீட்டுக்குள்ள பேசுறது வேற, மேடையில பேசுறது வேற இல்லையா?

அதுக்கப்புறம் நடந்ததை எந்த ஊர்லயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. புருஷன்கூடச் சண்டைன்னா பொண்டாட்டி அப்பன் வீட்டுக்குப் போவா. அதுதானே வழக்கம்? என் பொண்டாட்டி என்மேலயும் கோவம், அப்பன்மேலயும் கோவம்னு சந்தனமாரி கோயில் தெருவுல வாடகைக்கு வீடு புடிச்சுப் போயிட்டா. தையல் மிஷினை மட்டும் எடுத்துட்டுப் போனா. அடுத்த படம் ஓடல, மெட்ராஸ்ல யாரும் போனை எடுக்கல. நான் எங்க போவேன்? நான்தான் அவ அப்பன் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கேன். மாமியார் ஊர்ல எல்லார்கிட்டயும், “எங்க மாப்ள கோவிச்சுக்கிட்டு வந்திருக்காரு”ன்னு சொல்லுது. சொல்லிட்டு என் தட்டுல இன்னொரு முட்டை வைக்கிது.

இது தற்காலிகம்தான் சார். அடுத்த கதை ரெடியாகுற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு மாமனார் இந்த நாற்காலியைக் குடுத்தார். போன் எடுக்குறது, எந்த லாரி எங்கன்னு பாக்குறது, அவ்வளவுதான். எழுத்தாளனுக்கு இதெல்லாம் அனுபவம்.

அவ இல்லாம இருக்க முடியல சார். நான் பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவ இல்லாம ஒரு வரி எழுத வரல. திரும்பி வரணும், அதுக்கு என்ன வேணாலும் பண்ணத் தயார். ஒரு நாள் ஒரு லாரி நெறையத் தண்ணியை அவ வீட்டு வாசலுக்கே அனுப்பினேன். ஒரு பொட்டு எடுக்காம திருப்பி அனுப்பிட்டா. அடுத்த தெரு அடிபம்புல அடிச்சுச் சுமக்குறா. எப்ப வருவான்னு கேட்டுட்டு வான்னு எங்க டிரைவர் இசக்கியை அனுப்பினேன். அவனை மோர் குடிக்க வச்சு, “க்ளைமாக்ஸை மாத்தட்டும், வர்றேன்”னு சொல்லி அனுப்புனா.

பாருங்க சார், சினிமா தெரியாதவங்ககிட்ட இதுதான் கஷ்டம். ரிலீஸான படத்துக்கு எப்படி க்ளைமாக்ஸை மாத்துறது? இருந்தாலும் பொண்டாட்டி கேட்டுட்டாளேன்னு உக்காந்து புதுசா நாலஞ்சு க்ளைமாக்ஸ் எழுதி வாட்ஸாப்ல அனுப்பினேன். ஒண்ணுல குபேரசாமி ஜெயிலுக்குப் போறான். ஒண்ணுல மனசு மாறி அவனே பைப் போட்டுக் குடுக்குறான். எல்லாத்துலயும் நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல. எது பிடிக்கலன்னாவது சொல்லலாம்ல?

இருங்க சார், மாமனார் கூப்பிடுறார். “சொல்லுங்க மாமா... எங்க?... பஸ் ஸ்டாண்ட் வளைவுலயா?... சரி மாமா, இசக்கி வண்டி அங்கதான் பக்கத்துல நிக்கிது, இப்பவே போகச் சொல்றேன்.”

கூட்டம்னு சொன்னீங்களே, முகூர்த்தம் இல்லையாம் சார். மறியலாம். எந்தத் தெருன்னு மாமனார் சொல்லல. உங்க நேரம் பாருங்க, கட்டுரைக்கு நேரடி உதாரணம் கிடைக்கப்போகுது! படத்தால தாக்கம் இருக்கான்னு கேட்டீங்கள்ல? மாமனார் என் படத்துல இருந்து ஒரே ஒரு விஷயம் கத்துக்கிட்டார். யாராவது மறிச்சு உக்காந்தா போலீஸைக் கூப்பிடுறதில்ல. லாரியை அனுப்பி ஹாரன் அடிக்கச் சொல்றார். போன தடவை வேற தெருக்காரங்க ரயில்வே கேட்டுகிட்ட உக்காந்தாங்க, அதுக்கு முந்தி வாரச் சந்தையில உக்காந்தாங்க. ஹாரன் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஓடிட்டாங்க. படத்துல வர்ற மாதிரியே! எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

“டேய் இசக்கி, வண்டியை எடுத்துட்டு வளைவுக்குப் போ. கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்தி ஹாரன் அடி. விட்டு விட்டு அடிக்காத, படத்துல மாதிரி ஒரே நீட்டா அடி.”

ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. இருங்க, போய்க்கிட்டு இருக்கான். நிறுத்திட்டான்.

கேக்குதா சார்? இப்ப எந்திரிப்பாங்க.

“என்னடா இசக்கி, ஓடுறாங்களா?”

“இல்லண்ணே. எந்திரிக்கல.”

“சத்தம் கேட்டிருக்காது. மறுபடி அடி.”

“கேட்டுச்சுண்ணே. எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. குடத்தை எல்லாம் வண்டிக்கு முன்னாடி கவுத்தி வச்சிருக்காங்க. எல்லாக் குடத்துலயும் முதலாளி தலைகீழா இருக்காருண்ணே.”

“யாருடா அது? எந்தத் தெருவு?”

“சந்தனமாரி கோயில் தெருவுண்ணே. மங்கை அக்காதான் முன்னால உக்காந்திருக்கு. ஒரு கெழவி எந்திரிக்கப் பாத்துச்சு, அக்கா கையைப் புடிச்சிருச்சு. இப்ப ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சிருக்காங்க. யாரும் சிரிக்கல, திட்டல. சும்மா உக்காந்திருக்காங்கண்ணே. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு. என்ன பண்ணட்டும்?”

“இன்னொரு... இன்னொரு தடவை அடிடா.”

அடிக்கிறான் சார். எம்புட்டு நேரமா அடிக்கிறான் பாருங்க.

“எந்திரிக்கல. அக்கா என்னையப் பக்கத்துல வரச் சொல்லுச்சு, போனேன். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொல்லுச்சுண்ணே. ‘உக்காந்தே இருந்தா அப்புறம் என்ன ஆகும்னு அவருக்குத் தெரியலையாம்ல? வந்து பாக்கச் சொல்லு’ன்னுச்சு. நான் ஹாரன்ல இருந்து கையை எடுத்துட்டேண்ணே. இனி அடிக்க மாட்டேன்.”

வச்சுட்டான்.

என்ன சார், அப்படிப் பாக்குறீங்க? ஓ. ஆமா. நான் எந்திரிச்சு நிக்கிறேன். எப்ப எந்திரிச்சேன்? மொத ஹாரனுக்கேவா? நீங்க பாத்தீங்களா? பாத்துட்டுச் சொல்லாம இருந்தீங்களே.

எழுதிக்கோங்க சார், கட்டுரையில எழுதிக்கோங்க. இன்னைக்கு அந்த ஹாரனுக்கு இந்த ஊர்லயே எந்திரிச்சவன் ஒரே ஒருத்தன், அதை எழுதுனவன்.

மாமனார் மறுபடியும் கூப்பிடுறார். அடிக்கட்டும். இல்ல, நீங்க எடுக்க வேண்டாம், அவர் உங்களையும் இன்னொரு லாரி அனுப்பச் சொல்லுவார். என் செருப்பு எங்க கிடக்குன்னு பாருங்க சார், அந்த மேசைக்குக் கீழ. வார் அறுந்திருக்கும், பரவாயில்ல, வளைவு பக்கம்தான்.

நீங்களும் கூட வர்றீங்களா? தனியாப் போகப் பயமா இருக்கு. மாமனாருக்குப் பயந்து இல்ல சார். அங்க போனா நான் அவ பக்கத்துல உக்காரணும். உக்கார இடம் விடுவாளான்னு தெரியல.